சுவரோரமாக நடக்கச் சொன்னவர்

என்னுடைய றங்குப்பெட்டியை அவர் தூக்கிப் பார்த்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. வாடகைக்கு வருகிறவனிடம் வீட்டுக்காரர் ஊரைக் கேட்பார், தகப்பன் பேரைக் கேட்பார், சிகரெட் பிடிப்பாயா என்று கேட்பார். இவர் ஒன்றும் கேட்கவில்லை. படியடியில் நின்றபடி என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, இடுப்பளவுக்குத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கீழே வைத்துவிட்டு, "இதுக்குள்ள இரும்புச் சாமான் ஏதும் கிடக்கோ?" என்றார்.

"இல்ல ஐயா. புத்தகம்தான்."

"புத்தகமும் பாரம்தான் தம்பி. பாதியை எடுத்துக் கீழ வையும். தேவைப்படேக்க வந்து எடுத்துப் படியும்."

நான் குறிஞ்சாக்கேணியில் விடியப்புறம் வெளிக்கிட்டவன். கிண்ணியாத் துறையில், ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் களப்பைக் கடக்கும் மிதவைப் பாதைக்காக ஒன்றரை மணித்தியாலம் காய்ந்து, பஸ்ஸில் நெரிபட்டு, திருகோணமலை ரவுனுக்கு வந்து சேரும்போது உச்சிவெயில். 'இந்த மனிசனுக்கு என்ன விசரா?' என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் மேல்மாடி அறைக்கு அவர் சொன்ன வாடகையை ரவுனில் வேறு ஒருவரும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் திறந்து பாதிப் புத்தகங்களைப் படியடியில் அடுக்கினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, புடவைக்கு வரிசை. எங்கள் வயல் இரண்டு வருடமாகக் காய்ந்து கிடந்தது. ரவுனில் தொழில்நுட்பப் பாடசாலையில் கட்டட வேலைப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் ஊரைவிட்டுப் படிக்கப்போன முதல் ஆள் நான்தான். தங்க இடம் இல்லாமல் இந்தப் படிப்பு முறிந்தால், திரும்பிப் போய் வாப்பாவோடு சேர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அவருடைய கட்டடம் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றது. கீழே நான்கு அறை, மேலே நான்கு அறை, மேலே முன்பக்கம் முழுநீளத்துக்கும் ஒரு விறாந்தை. யுத்தகாலத்தில் வெள்ளைக்காரக் கடற்படையின் லிகிதர்கள் தங்குவதற்காக அவசர அவசரமாகக் கட்டியது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போன பிறகு கைமாறி இவரிடம் வந்திருந்தது. மனைவி செத்துப் பல வருடம், பிள்ளைகள் இல்லை. துறைமுகத்தில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து சேர்த்ததையெல்லாம் இந்தக் கட்டடத்தில் போட்டிருந்தார். பெடியன்கள் கொடுக்கும் வாடகைதான் அவருடைய சோறு.

மெலிந்த, உயர்ந்த மனிதர். கை மட்டும் உடம்புக்கு அளவில்லாமல் நீளம். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். விடிந்ததும் ஒரு மூங்கில் தடியை எடுத்துக்கொண்டு கீழ்த்தட்டில் நின்று கூரையை, அதாவது எங்கள் நிலத்தை, 'டொக், டொக்' என்று தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்பார். சுவரில் வெடிப்பு எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதுவார். கிழவனுக்கு நித்திரை வராவிட்டால் எங்களையும் படுக்கவிடமாட்டான் என்று நாங்கள் பாய்க்குள் கிடந்து திட்டுவோம்.

அவர் வாயில் ஒரு நாளைக்கு இருபது முறை வரும் வசனம் ஒன்று உண்டு: "தம்பிமார், சுவரோரமா நடவுங்கோ!" அறையின் நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கக்கூடாது. பாயைச் சுவரோடு ஒட்டித்தான் விரிக்க வேண்டும். மேலே வாளியில் தண்ணீர் கொண்டுபோகக்கூடாது. குளிப்பு, கழுவல் எல்லாம் கிணற்றடியில். விருந்தாளி வந்தால் முற்றத்தில் கதிரை போட்டுத் தருவார், தேத்தண்ணியும் தருவார், மேலே விடமாட்டார். இதற்கு மேலாக, நினைத்த நேரமெல்லாம் படியடிக்கு வந்து கழுத்தை உயர்த்தி, "மேல எத்தினை பேர்?" என்று கேட்பார். நாங்களும் மேலிருந்து கத்துவோம், "ஏழு பேர் ஐயா!" என்று. சில நாள் வேண்டுமென்றே "எழுபது பேர்!" என்போம். பாவம், படியில் பாதி ஏறிவிடுவார்.

மூதூர் ஜவாத்தான் அவருக்குத் 'தராசு' என்று பட்டம் வைத்தவன். ஜவாத் என் அறைக்காரன், மோட்டார் மெக்கானிக் பிரிவு, வாய் மூடத் தெரியாதவன். அவன் ஒருமுறை ஊரிலிருந்து லோஞ்சுப் படகில் அரை மூடை அரிசி கொண்டுவந்தான். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனால் வழியில் மறித்துப் பறித்த காலம் அது. ஒளித்து, கெஞ்சி, எப்படியோ கொண்டுவந்து சேர்த்தவனைப் படியடியில் அவர் மறித்துவிட்டார்.

"மேல ஏலாது தம்பி. உந்த மூடையைக் கீழ என்ர அறையில வையும்."

"ஐயா, பொலிஸ்காரனே பறிக்கல்ல. நீங்க பறிக்கப் பாக்கிறீங்களா?"

"ஒரு மணி குறைஞ்சா என்னைக் கேளும். மேல மட்டும் கொண்டுபோகாதேயும்."

ஜவாத் மூடையின் வாயை ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டினான். ஒரு மாதம் முடிச்சை எண்ணி எண்ணிப் பார்த்தான். ஒன்றும் குறையவில்லை. எலி தின்னாமல் இருக்க அவர் மூடையைச் சுவர்ப்பக்கம் ஒரு பலகை அடித்து அதன்மேல் வைத்திருந்தார். "கள்ளன் இல்ல மச்சான், விசரன்தான்," என்று ஜவாத் தீர்ப்புச் சொன்னான்.

விசர் என்று நினைக்க வேறு காரணமும் இருந்தது. நிலாவெளியிலிருந்து ஒரு பெடியன் அறை கேட்டு வந்தான். நல்ல குடும்பம், கேட்டதற்கு மேலேயே வாடகை தரத் தயார். ஆனால் ஆள் நல்ல தடிப்பு. வீட்டுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உமக்கு இது சரிவராது தம்பி. குறை நினையாதேயும்," என்று அனுப்பிவிட்டார். நாங்கள் ஒரு கிழமை சிரித்தோம்.

"ஏன் ஐயா குடும்பகாரருக்குக் குடுக்காம எங்களப் போல ஆக்களுக்குக் குடுக்கிறீங்க? குடும்பம் எண்டா வாடகை கூடக் கிடைக்குமே?" என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"குடும்பம் வந்தா அம்மி வரும். ஆட்டுக்கல் வரும். அலுமாரி வரும். பிறகு கலியாணவீடு, செத்தவீடு எண்டு நூறு சனம் ஏறும். நீங்கள் ஒரு பெட்டி, ஒரு பாய். லீவு விட்டா அதுவும் இல்லை. உங்களைப்போல மெலிஞ்ச பெடியள்தான் இந்தக் கட்டடத்துக்குப் பொருத்தம்."

நான் அதையும் பகிடி என்றுதான் நினைத்தேன். வகுப்பில் அந்தப் பாடம் வரும்வரை.

கொங்கிறீட்டுக்கு ஆற்றுமணல்தான் போட வேண்டும், கழுவாத கடற்கரை மணலைப் போட்டால் அதிலுள்ள உப்பு உள்ளே கிடக்கும் கம்பியை அரிக்கும், துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்து வெளிக் கொங்கிறீட்டைப் பிளக்கும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டு போனார். முதலில் மேல்தட்டு நிலத்தின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் கறை தெரியும், பிறகு வெடிப்பு, பிறகு துண்டு துண்டாகக் கழன்று விழும் என்றார். நான் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. மேல்விறாந்தையின் அடிப்பக்கத்தில், நாங்கள் தினமும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு நேர் மேலே, தேத்தண்ணிச் சாயம் ஊறினதுபோல நீளமாகக் கறை இருந்தது. அதை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே ஓடி வந்தேன். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் விழுந்து கிடந்த ஒரு துண்டைப் பொறுக்கினேன். விரலால் நோண்டினேன். உள்ளிருந்து ஒரு சிப்பி வந்தது. நகத்தளவு, வெள்ளை, முழுசாக. கடற்கரையில் கிடக்க வேண்டிய சிப்பி என் கையில், நான் படுத்தெழும்பும் வீட்டின் துண்டுக்குள்ளிருந்து.

கீழ்த்தட்டில் அவர் இருந்த அறை தவிர மற்ற மூன்றும் எப்போதும் பூட்டுத்தான். அரிசி பதுக்கியிருக்கிறார், புடவை பதுக்கியிருக்கிறார் என்றெல்லாம் எங்களுக்குள் கதை உண்டு. நான் போய் ஒரு யன்னல் பலகையின் இடுக்கால் எட்டிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கண் பழகியதும் தெரிந்தது. உள்ளே நிலத்திலிருந்து கூரைவரை பனங்குற்றிகள். ஒன்று, இரண்டு அல்ல. ஆள் சரிந்துதான் நுழையலாம் என்னும்படி, நெருக்க நெருக்கமாக, அடியில் கல் வைத்து, தலையில் பலகை வைத்து முட்டுக் கொடுத்து நின்றன. அந்த அறைக்கு நேர் மேலேதான் நானும் ஜவாத்தும் படுத்தோம்.

"கண்டிட்டீரா?"

பின்னால் அவர் நின்றார். கையில் அந்த மூங்கில் தடி. நான் செத்தே போனேன். அடிக்கப் போகிறார் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டினேன். அவர் தடியைக் கீழே போட்டுவிட்டு, அப்படியே நிலத்தில் குந்தினார்.

"ஆத்துமணல் ஏத்தப் போன லொறி வரேல்ல. ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டுப் போன நேரம். துரை இண்டைக்கே கொங்கிறீட் போடு எண்டு நிக்கிறான். கடற்கரை இஞ்சதானே கிடக்கு, அள்ளிப் போடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. கூடினா ரெண்டு வருசம், சண்டை முடிய இடிச்சுப் போடுவாங்கள் எண்டு நினைச்சன். இடிக்கேல்ல. வித்தாங்கள்."

"தெரிஞ்சுகொண்டா வாங்கினீங்க?"

"வேற ஆரும் வாங்கினா சனத்தை நிரப்பிப்போடுவாங்கள் தம்பி. என்ர கையில இருந்தா பாரம் பார்த்து விடலாம்." கொஞ்சம் பொறுத்து, "மலிவாயும் கிடைச்சுது," என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னார். இடித்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "இடிச்சுப்போட்டு நான் என்னத்தைத் தின்னுறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு என்னைத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலைக் காட்டினார். கூரையில் மிகப் பெரிய வெடிப்பு எங்கே ஓடியதோ, அதற்கு நேர் கீழே தலைமாடு வைத்துப் போட்டிருந்தார். விழுந்தால் முதலில் தன் தலையில் விழட்டும் என்றார். என்ன நியாயம் இது! அவர் தலையில் விழுந்தால் நாங்கள் மட்டும் வானத்திலா தொங்கப் போகிறோம்? கத்த வேண்டும்போல இருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லாதேயும்," என்றார். "பின்னுக்கு, முந்திச் சமைச்ச பழைய குசினி கிடக்கு. தகரக் கூரை, மேல கொங்கிறீட் ஒண்டும் இல்லை. நீர் அதில இரும். படிப்பு முடியுமட்டும் வாடகை வேண்டாம்."

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அன்று பின்னேரமே பாயைச் சுருட்டினேன்.

ஜவாத் விழுந்து விழுந்து சிரித்தான். "குசினிக்குள்ள படுக்கப் போறியாடா? கிழவன் உன்னக் கறி வெச்சித் திண்டிருவான்!" படி ஏறினால் முழங்கால் நோகிறது என்று சொன்னேன். அவன் நம்பினான். அது மட்டுமில்லை, தைலம் வேறு வாங்கிக்கொண்டு வந்து தந்தான். அடுத்த கிழமை மூதூரிலிருந்து அவன் தம்பி பள்ளிக்கூடம் மாறி ரவுனுக்கு வந்தான். நான் படுத்த இடத்தில், என் பாய் விரித்த அதே சுவரோரத்தில், அந்தப் பிள்ளையின் பாய் விரிந்தது. நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு கிட்டத்தட்ட ஐந்து மாதம். அந்த ஐந்து மாதப் பயத்தை நான் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது. தகரக் கூரைக்குள் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அதுதான் கொடுமை. மேலே ஒரு பெட்டியை இழுத்தால் பாயிலிருந்து எழும்பி உட்காருவேன். ஜவாத் சிரித்துக் காலால் நிலத்தில் உதைத்தால் நான் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பேன். தொழுகையில் நின்றால் ஓதுவது மறந்துபோய், மேலே எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாரி தொடங்கி மூன்று நாள் விடாமல் பெய்தபோது, வெடிப்புக்கு அவர் போட்ட பென்சில் கோட்டை வெடிப்பு தாண்டியிருந்ததை நானும் அவரும் ஒரே நேரத்தில் கண்டோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவரவர் பக்கம் போய்விட்டோம். அவர் அன்று இன்னும் இரண்டு பனங்குற்றி வாங்கி வந்தார். உள்ளே கொண்டுபோக நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

"என்ன விலாங்குக் குடலா உனக்கு? திண்டும் மெலியிறாய்," என்று ஜவாத் என்னைக் கேட்பான். நாளைக்குச் சொல்லுவோம், சோதனை முடியச் சொல்லுவோம், லீவில் சொல்லுவோம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். சொன்னால் எல்லாரும் ஒரே நாளில் இறங்கிவிடுவார்கள். குசினியும் போய்விடும், என் படிப்பும் போய்விடும். அது பாதிக் காரணம். சொன்னால் 'உனக்கு எப்ப தெரியும்?' என்று ஜவாத் கேட்பான். அது மீதிக் காரணம்.

அந்த மாரியில் ஒரு சனிக்கிழமை காலையில் துறைமுகத்துக்குள் ஒரு வெளிநாட்டு யுத்தக்கப்பல் வந்தது. அவ்வளவு பெரிய கப்பலை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. மேல்தளத்தில் வெள்ளை உடுப்போடு கப்பற்காரர் வரிசையாக நின்றார்கள். வீதி முழுக்கச் சனம். எங்கள் மேல்விறாந்தையில் நின்றால் துறைமுகம் முழுவதும் கண்ணுக்கு முன்னால். ஜவாத் வீதியைப் பார்த்துக் கையைக் காட்டிக் கத்தினான்: "மேல வாங்கடா! இங்கிரிந்து பாத்தா கப்டன்ட மீசையும் தெரியும்!"

வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். படியில் கால்கள் ஏறும் சத்தம் கேட்டது. தொழில்நுட்பப் பாடசாலைப் பெடியன்கள், பக்கத்து வீட்டுக்காரர், அவர்களின் பிள்ளைகள். எண்ணத் தொடங்கினேன். முப்பத்தைந்துக்கு மேல் எண்ண முடியவில்லை. படியடிக்கு ஓடினேன். வாயைத் திறந்தேன். என்னைத் தள்ளிக்கொண்டு ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடு ஏறினாள். நான் விலகி வழி விட்டேன். அல்லாஹ் சாட்சி, நான் வழி விட்டேன்.

அந்த நேரத்தில் அவர் வந்துவிட்டார். சந்தைப் பை கையில்.

"மேல எத்தினை பேர்?"

"நாப்பதுக்கு மேல ஐயா."

பை விழுந்தது. மனிதர் விறாந்தைக்கு நேர் கீழே போய் நின்று, "இறங்குங்கோ! எல்லாரும் இறங்குங்கோ!" என்று கத்தினார். மேலே ஒரே சிரிப்பு. "தராசு வந்திட்டான்! ஐயா, எங்களையும் நிறுத்துப் பாருங்க!" என்று யாரோ கத்த, நாலைந்து பேர் சேர்ந்து பகிடிக்குக் காலால் நிலத்தை உதைத்தார்கள். தூள் கொட்டியது. அவர் தலையிலெல்லாம் கொட்டியது. நான் வேலிப்பக்கம் பின்வாங்கினேன்.

அவர் துடைக்கவில்லை. வீதியில் நின்ற சனமும் கேட்கும்படி அந்த மெலிந்த உடம்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இது கடல் மண்ணில போட்டது! நான்தான் போட்டனான்! கம்பி எல்லாம் உக்கிப் போச்சு! பிள்ளையள், இது விழப்போற வீடு, முப்பது வருசமா எனக்குத் தெரியும்!"

சிரிப்பு நின்றது. நின்ற அந்த அமைதியில்தான் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விறாந்தையின் அடிப்பக்கத்தில் ஒரு கோப்பையளவு துண்டு கழன்று அவர் காலடியில் விழுந்தது. மேலே ஒரு பெண் அலறினாள். எல்லாரும் ஒரேயடியாகத் திரும்பினார்கள்.

"ஓடாதேங்கோ! ஓடினா விழும்! சுவரைப் பிடிச்சுக்கொண்டு ஒராள் ஒராளா வாங்கோ! பிள்ளையோட நிக்கிற தங்கச்சி, நீர் முதல்ல வாரும். சுவரோரமா. ஓம், அப்பிடித்தான். அடுத்தாள்."

ஒன்றரை வருடமாக எங்களை அலுக்கவைத்த அந்தச் சொல்லுக்கு நாற்பது பேரும் அன்று அடங்கினார்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர் மட்டும் விறாந்தைக்குக் கீழிருந்து அசையவில்லை. இரண்டு கையையும் மேலே உயர்த்தியபடி நின்றார். அந்தக் கைகளால் எதைத் தாங்க முடியும்? அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் நின்றார். நான் வேலியோரம், ஒன்றும் விழாத இடத்தில் நின்றேன். கடைசியாக ஜவாத் தன் தம்பியின் தோளைப் பிடித்தபடி இறங்கினான்.

வீதிச் சனம் வீட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டு ஏசியது. படிக்கிற பிள்ளைகளைச் சவக்குழிக்குள் வைத்துக் காசு பார்த்தவன் என்றார்கள். ஒருவர் அடிக்கவும் கை ஓங்கினார். ஜவாத் வீட்டுக்காரரிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்து என் சேட்டுக் கழுத்தைப் பிடித்தான்.

"நீ கட்டடம் படிக்கிறவன். குசினிக்குப் போனாயே, ஏன்டா போனாய்? உனக்குத் தெரியுமா? என்ட தம்பி அங்க படுத்தானேடா, சொல்லு, உனக்குத் தெரியுமா?"

அவன் என்னைப் பிடித்து உலுக்கினான். அப்போது சனத்துக்குள்ளிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"அவரை விடும் தம்பி. அந்தப் பெடியனுக்கு ஒண்டும் தெரியாது. முழங்கால் ஏலாது எண்டு வந்து கேட்டார், குசினியைக் குடுத்தனான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

ஜவாத் என் முகத்தைப் பார்த்தான். அவர் சொன்னதுதான் சரி என்று நான் தலையை ஆட்டினேன். அவன் பிடியை விட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அவன் தோளுக்கு மேலால் நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரத்துக்குள் எல்லா அறையும் காலியானது. ஜவாத்தின் சொந்தக்காரர் ஒருவர் ரவுனில் தந்த இடத்தில் நானும் அவனும் அவன் தம்பியும் ஒன்றாகவே இருந்தோம். படிப்பை முடித்தேன். அந்த மாரி முடியுமுன் விறாந்தை முழுவதும் விழுந்தது. கீழே ஒருவரும் இல்லை. கட்டடத்துக்குள் ஆட்கள் போகக்கூடாது என்று பலகை அடித்தார்கள். வாடகையும் இல்லை, வீடும் இல்லை என்று ஆனபோது அவர் தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு, அவர் படுக்கையில் கிடக்கிறார் என்று அறிந்து பார்க்கப் போனேன். என்னை அடையாளம் கண்டார். ஊரைக் கேட்டார், வேலையைக் கேட்டார். பிறகு, "அந்த மூதூர்ப் பெடியனுக்குச் சொல்லிப்போட்டீரா?" என்றார்.

"இல்ல ஐயா."

"சொல்லிப்போடும். அண்டைக்குச் சனம் முழுக்க ஏசிச்சுது, காறித் துப்பிச்சுது. ஆனா அண்டு ராத்திரித்தான் நான் முப்பது வருசத்துக்குப் பிறகு நித்திரை கொண்டனான்." மூச்சு வாங்கியது. "நான் செத்தா உமக்காகப் பொய் சொல்ல ஆளில்லை தம்பி."

அடுத்த மாதம் அவர் போய்விட்டார். நாற்பதாம் நாள் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை, சொல்லியே தீர்வதென்று லோஞ்சேறி மூதூருக்குப் போனேன். ஜவாத் அங்கே மோட்டார்ச் சாமான் கடை வைத்திருந்தான். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டான். தன் மூத்த மகனைக் கூப்பிட்டு, "வாப்பாட உயிர்க் கூட்டாளி, சலாம் சொல்லு," என்றான். மகனுக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தான். கடைக்கு வந்திருந்த இரண்டு பேருக்கு அந்தச் சனிக்கிழமைக் கதையைச் சொல்லத் தொடங்கினான். தராசு எப்படி எல்லாரையும் ஏமாற்றினான், நான் எப்படி ஒன்றும் தெரியாமல் தன்னோடு சேர்ந்து நடுங்கி நின்றேன் என்று, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். இடையில் என் பக்கம் திரும்பி, "இல்லியா மச்சான்?" என்றான்.

"ஓம்," என்றேன். தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பின்னேர லோஞ்சில் திரும்பி வந்துவிட்டேன்.